மார்ச் 31-ம் கூழைக்கடாவும்

எங்கள் ஆபீஸில் மார்ச் மாதம் என்றால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் லைட் எரியும். டீக்கடைப் பையன் தூக்குவாளியோடு நாலு தடவை படியேறுவான். 31-ம் தேதிக்குள் பில் கருவூலத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஒதுக்கிய பணம் சரண்டர். வந்த வழியே திரும்பிவிடும். அதனால் பிப்ரவரி வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்த வேலையெல்லாம் மார்ச்சில் விழுந்தடித்து முடியும், எம்.புக்கில் ஏறும். எம்.புக் என்பது அளவுப் புத்தகம். இத்தனை நீளம், இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று அளந்து எழுதி இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால்தான் காசு. முப்பத்தொரு வருஷம் அந்தக் கல்யாண வீட்டில் கணக்கு எழுதியவன் நான். எந்தத் துறை என்பதை விட்டுவிடுவோம். பென்ஷன் வாங்குகிறவன்.

ரிட்டயர் ஆன பிறகு வந்த முதல் மார்ச் 31 அன்று காலையில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் பறவைகள் கூடு கட்டும் கூந்தன்குளம் போனேன். முப்பது சொச்சம் கிலோமீட்டர். எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான், ஆனால் கூந்தன்குளத்தைச் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. பக்கத்தில் இருப்பதை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. கருவாட்டுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் ஒரு வாடை. தெருவில் வேப்பமரம், புளியமரம், வேலியோரக் கருவேலம் எதைப் பார்த்தாலும் உச்சியில் கூடு. ஓட்டுக்கூரைகள் எச்சத்தால் வெள்ளையடித்த மாதிரி இருந்தன. கூழைக்கடாக் குஞ்சுகள் தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக விட்டு மீனைத் தேடுவதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். தாய்க்கு மூச்சு முட்டுமே என்று நமக்குத்தான் பதறுகிறது.

“என்ன அண்ணாச்சி, படம் புடிக்க வந்தியளா? தள்ளி நில்லுங்க. சட்டையில விட்டுரும்.”

வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி. அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த வீட்டு மரத்திலிருந்து தொப்பென்று ஒன்று விழுந்தது. சங்குவளை நாரைக் குஞ்சு. பஞ்சை ஒட்டவைத்த மாதிரி உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளத்தில் அலகு. எழுந்து நிற்கப் பார்த்தது. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. ஆச்சி வாளியை வைத்துவிட்டுப் போய், கோழிக்குஞ்சை எடுப்பது போல இரண்டு இறக்கையின் அடியிலும் கைகொடுத்துத் தூக்கினார். அது அவர் புடவையில் அரைகுறையாகச் செரித்த மீனைக் கக்கியது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

“கீழ விழுந்தா தாய் திரும்பிப் பாக்காது. கூண்டுல கொண்டு விடணும். ரெக்க முளைக்க வரைக்கும் சிலேபி வாங்கிப் போட்டா அதுபாட்டுக்குப் பறந்து போயிரும்.”

“மீனுக்கு யாரு காசு?”

என்னைப் பார்த்த பார்வையில், இவன் ஏதோ கணக்காபீஸ் ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார் போல. “எல்லாருந்தான்” என்றார்.

இந்த ஊர் பறவைக்குப் போட்டிருக்கிற முதலீட்டை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது? கூடு கட்டும் காலத்தில் இங்கே வெடி போடமாட்டார்கள். கல்யாணம், கோயில் கொடைக்குக் கூட சத்தத்தை அடக்கித்தான் வைப்பார்கள். கோடையில் குளம் வற்றியதும் எச்சம் ஊறிய வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். அதுதான் அவர்களுக்கு வட்டி. அரசாங்கம் இதைச் சரணாலயம் என்று அறிவித்தது 1994-ல். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022-ல் வந்தது. இரண்டுக்கும் வெகு காலம் முன்பே ஊர்க்காரர்கள் தங்கள் பங்கைப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மனதில் ஒரு கணக்கு ஓடியது. பறவைகள் ஜனவரியை ஒட்டி வருகின்றன. கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறக்கப் பழக்கி, ஜூன் ஜூலையில் கிளம்புகின்றன. குஞ்சுகள் மரம் நிறைய இருக்கிற நேரம் மார்ச்சும் ஏப்ரலும். அதாவது ஆள் நின்று பார்க்க வேண்டிய நாட்களின் நட்ட நடுவில் அரசாங்கத்தின் நிதியாண்டு செத்து மறுபடி பிறக்கிறது. ஏப்ரல் 1-ல் புது வருஷம் பிறந்தாலும் புது ஒதுக்கீடு அன்றே கைக்கு வராது. அது எத்தனை படியேறி இறங்கி வரும் என்பது ஆபீஸில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. ஒரு நீர்நிலையில் தற்காலிகக் காவலர்கள் இரண்டு பேருக்கு மூன்று மாதக் கூலி. பெரிய தொகை இல்லை. “இத்தலைப்பில் வழிவகை இல்லை” என்று குறிப்பு எழுதித் திருப்பிவிட்டேன். விதிப்படி சரிதான். அதே வாரத்தில் வேறொரு நீர்நிலையில் கட்டிய நுழைவு வளைவுக்கும் சிமென்ட் பெஞ்சுகளுக்கும் பில் பாஸ் பண்ணினேன். அதுவும் விதிப்படி சரி. இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. முதலாவதில் உள்ள கையெழுத்துதான் இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது.

கணக்கில் பொதுவாக இரண்டு பை உண்டு. கட்டுவதற்கு ஒன்று, கட்டியதைக் காப்பாற்ற ஒன்று. முதல் பையில் பணம் போடுவதற்கு எல்லோருக்கும் ஆசை. கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம், எம்.புக்கில் அளந்து எழுதலாம். இரண்டாவது பை கூலிப் பை. ஒரு ஆள் ராத்திரி முழுவதும் கரையில் நடந்து எந்த வலையும் விழாமல் பார்த்துக்கொண்டான் என்பதை எத்தனை மீட்டர் என்று எழுதுவது? ஒன்றும் நடக்காமல் இருந்ததுதான் அவன் செய்த வேலை.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அக்கா மகன் கலிபோர்னியாவில் ஓக்லாந்தில் வீடு வாங்கியிருக்கிறான். சொத்துவரி ரசீதை வாட்ஸப்பில் அனுப்பி, “மாமா, இதுல பார்க்குக்குத் தனியா ஒரு லைன் இருக்கு பாருங்க” என்றான். எனக்குக் கணக்குப் பைத்தியம் என்று அவனுக்குத் தெரியும். கிளறிப் பார்த்தால் அது நல்ல கதை. 1934-ல், ஊரே வேலையில்லாமல் கிடந்த பெரும் பொருளாதார மந்த காலத்தில், அந்தப் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் மேல் தாங்களே ஒரு சொத்துவரி போட்டுக்கொண்டார்கள். குடிநீர் வாரியத்துக்கு இனித் தேவைப்படாத மலைக்காடுகளை வீட்டு மனையாகப் போய்விடாமல் வாங்கி வைக்க. அப்படிப் பிறந்ததுதான் ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் டிஸ்ட்ரிக்ட். 2008-ல் மறுபடி ஓட்டு. 50 கோடி டாலர் கடன் பத்திரம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு கிடைத்தால்தான் செல்லும், கிடைத்தது.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. அந்தக் கடன் பத்திரப் பணத்தை நிலம் வாங்கவும் மேம்படுத்தவும்தான் தொடலாம். சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. அங்கேயும் அதே இரண்டு பை! ஆனால் அவர்கள் அதைத் தெரிந்துகொண்டு 2004-ல் தனியாக இன்னொரு ஓட்டு எடுத்தார்கள். ஓக்லாந்தை ஒட்டிய ஊர்களில் ஒரு வீட்டுக்கு வருஷம் 12 டாலர், பராமரிப்புக்கும் காட்டுத்தீத் தடுப்புக்கும் பாதுகாப்புக்கும் மட்டும். 2018-ல் அது முடியப்போகிற சமயம் திரும்பவும் ஓட்டுப் போட்டு நீட்டித்தார்கள். மருமகன் அனுப்பிய ரசீதில் அந்த 12 டாலரைத்தான் நான் வட்டம் போட்டு அவனுக்குத் திருப்பி அனுப்பினேன். “இதுதான்டா முக்கியம்” என்று எழுதினேன். அவன் ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

நம்ம ஊரில் ஓட்டுப் போட்டு வரி போட்டுக்கொள்ளச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வரவில்லை. நம்மிடமும் இரண்டாவது பை இருந்தது. குளத்து மடையைத் திறந்து அடைக்க நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவர் பங்கு நெல்லை அளந்துவிட்டுத்தான் மற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கூலி முதலில், மிச்சம் பிறகு. அந்த ஏற்பாட்டில் சாதி இருந்தது, யார் தலையில் எந்த வேலை என்ற அநியாயம் இருந்தது. அது போனதே நல்லது. ஆனால் அந்த வேலை போகவில்லையே. மடை இன்னும் இருக்கிறது, ஆள்தான் இல்லை.

மேற்கே மலைக்குப் போவோம். களக்காடு முண்டந்துறை. முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம், களக்காடு 1976-ல் சரணாலயம், இரண்டும் சேர்ந்து 1988-ல் மாநிலத்தின் முதல் புலிகள் காப்பகம். மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். புலி நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் தாமிரபரணியைக் காட்டுவேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை எட்டு அணைக்கட்டு, 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம், இரண்டு மூன்று மாவட்டத்தின் குடிநீர். மழை பெய்து ஒரே நாளில் ஓடிவிடாமல் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தக் காடு. பாபநாசம் அணை அதற்கு அப்புறம்தான்.

என் பெரியம்மையை அந்த மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. விடியுமுன் நாலைந்து பெண்களாகக் காட்டுக்குள் போவார்கள். மதியம் தலையில் விறகுக்கட்டோடு இறங்குவார்கள். பெரியம்மையின் உச்சந்தலையில் சும்மாடு அழுத்திய இடத்தில் முடி முளைக்கவே இல்லை. அந்தக் கட்டு டீக்கடைக்குப் போனால்தான் அன்றைக்கு அரிசி. காட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இந்தத் தலைச்சுமையை இறக்க வேண்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. 1990-களின் பிற்பாதியில் உலக வங்கிக் கடனில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அடிவாரக் கிராமங்களில் கிராம வனக்குழு போட்டு அவர்கள் கையில் சுழல்நிதி கொடுத்தார்கள். ஒருத்தி மாடு வாங்குவாள், ஒருத்தி தையல் மிஷின், ஒருத்தி இட்லிக்கடை. கட்டிய பணம் அடுத்தவளுக்குப் போகும். பெரியம்மை இரண்டு மாடு வாங்கினாள். அதற்கப்புறம் அவள் மலையேறவில்லை.

நான் பார்த்த அரசாங்கச் செலவுகளில் இதற்கு இணையான ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. காட்டுக்குள் ஒரு செங்கல் வைக்கவில்லை. காட்டுக்கு வெளியே ஒரு பெண்ணின் கையில் கொடுத்த பணம் காட்டுக்குள் மரமாக நின்றது.

இப்போது காப்பகத்தின் உள்ளே நடக்கிறவர்களைப் பார்ப்போம். வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பலர் அடிவாரத்து இளைஞர்கள், சிலர் அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள். காட்டை அவர்களைப் போலத் தெரிந்தவர் யாருமில்லை. பெரும்பாலும் தொகுப்பூதியம். புலிகள் திட்டத்தில் மத்திய அரசு பணம் தரும் முறையை ஒரு கணக்குக்காரனாகப் பாருங்கள்: தொடராச் செலவுக்கு, அதாவது ஒருமுறை கட்டி முடிக்கிற இனங்களுக்கு 60 சதவீதம், தொடர் செலவுக்கு 50 சதவீதம். பத்து சதவீத வித்தியாசம்தான். ஆனால் மாநிலத்தில் உட்கார்ந்து திட்டம் எழுதுகிறவருக்கு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அந்தப் பத்து சொல்லிக் கொடுத்துவிடும். கட்டடம் எழுது, பாதி பாரம் கூடக் கிடையாது. ஆள் எழுது, பாதி உன் தலையில்.

மாஞ்சோலை பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் அது தனிக் கட்டுரை. 1929-ல் போட்ட 99 வருஷக் குத்தகை 2028-ல் முடிகிறது, காப்பகத்துக்கு நடுவில் தேயிலை நின்ற மலை காடாகத் திரும்ப வேண்டும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கீழே இறங்கி வாழ வேண்டும். இரண்டுக்குமே பணம் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறக்கிற பேச்சுதான் இரண்டு தரப்பிலும் எனக்குக் கேட்கிறது.

சின்ன இடம் ஒன்று சொல்கிறேன். திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் வந்து சேருகிற இடம், நாறும்பூநாதர் கோயில். கோயிலை ஒட்டிய மருத மரங்களிலும் இலுப்பைகளிலும் நாரையும் கொக்கும் வௌவாலும் குடியிருக்கின்றன. 2005-ல் அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். எவ்வளவு பெரிசு? 2.84 ஹெக்டேர். ஏழு ஏக்கர்! எங்கள் ஊரில் ஒருத்தர் வாழைத்தோப்பு அதைவிடப் பெரிசு. ஊர்க்காரர்கள் பல வருஷமாகப் பொத்திப் பொத்திக் காத்ததுதான் அந்த அறிவிப்புக்குக் காரணம். கிழட்டு மருதம் ஒன்றின் அடியில் உட்கார்ந்தால் கட்டை வண்டிச் சக்கரம் சாய்த்து வைத்த மாதிரி வேர்கள். அப்படி ஒரு மரத்தை எந்த மதிப்பீட்டிலும் போட முடியாது. நாற்று வாங்கலாம், இருநூறு வருஷம் வாங்க முடியாது.

சரி, எங்கள் ஊர்க் குளத்துக்கு வருகிறேன். இத்தனையும் எழுத வைத்தது அதுதான்.

எங்கள் குளத்துக்குள் கருவேல மரங்கள் உண்டு. நாட்டுக் கருவேலம், சீமைக் கருவேலம் இல்லை. சமூகக் காடுகள் திட்டம் என்று 1981 முதல் சுவீடன் நாட்டு உதவியோடு மாநிலம் முழுக்கக் குளம், கண்மாய்களுக்குள் நட்டார்களே, அந்தக் காலத்து மரங்கள். நட்டது விறகுக்கு. வெட்டி ஏலம் விட்டுப் பஞ்சாயத்துக்குக் காசு வர வேண்டும் என்பது திட்டம். மரம் வளர்ந்ததும் கொக்கும் நீர்க்காகமும் வந்து உட்கார்ந்துகொண்டன. தண்ணீருக்கு நடுவில் முள்மரம் என்றால் பூனையும் நாயும் ஏறாது, மனுஷனும் ஏறமாட்டான். இந்த ஜில்லாவில் பறவைகளுக்காகச் செய்த மிகப் பெரிய முதலீடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் அது பறவைக்காகச் செய்ததே இல்லை.

சில வருஷத்துக்கு முன் எங்கள் குளத்துக்கும் நிதி வந்தது. அழகுபடுத்தும் பணி. ஆபீஸ் பெயர் வேண்டாம். கரையில் பேவர் பிளாக் பதித்தார்கள். சிமென்டில் ஒரு கொக்கு, ஒரு மயில், எதற்கென்றே தெரியாமல் ஒரு ஒட்டகச்சிவிங்கி. கரையிலிருந்து தண்ணீர் நன்றாகத் தெரியட்டும் என்று முன்வரிசைக் கருவேலம் பதினோரு மரத்தை வெட்டினார்கள். நான்தான் எண்ணினேன், அடிமரத்தை. அந்த வருஷம் குளத்தில் சிமென்ட் கொக்கு மட்டும்தான் நின்றது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் இப்போது யாரோ மாட்டைக் கட்டுகிறார்கள்; அந்த வகையில் அது பயன்படுகிறது.

நல்ல பணமும் வரத் தொடங்கியிருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். சதுப்புநில இயக்கம் என்று மாநில அரசு அறிவித்தது: 100 நீர்நிலைகள், ஐந்து வருஷம், சுமார் 115 கோடி. கால்குலேட்டர் இல்லாமலே போட்டுப் பார்த்தேன். ஒரு நீர்நிலைக்கு வருஷத்துக்கு 23 லட்சம். ஆள் வைத்தால் ஏராளம், காங்கிரீட் போட்டால் ஒரே மார்ச்சில் தீர்ந்துவிடும்.

போன தை மாதம் ஊரில் இருந்தேன். மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் கால்வாசித் தண்ணீர். மீதமிருந்த கருவேலத்தில் இருபது முப்பது கூடு தொடங்கியிருந்தது. தண்ணீர் மரத்தடியை விட்டு இறங்கினால் நாய் உள்ளே வந்துவிடும். பறவை கூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். மணிமுத்தாற்றுக் கால்வாயில் பத்து நாள் தண்ணீர் விட்டால் போதும். சித்தப்பா மகன் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தான். வயசு அறுபது, குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர்.

“ஆபீஸ்ல இருந்தவன்லா, நீயே எழுது” என்றான்.

மடக்கி உட்கார்ந்து எழுதினேன். பெறுநர், பொருள், ஐயா. “எங்கள் குளத்தில் கூழைக்கடா, நாரை முதலிய அரிய பறவைகள் கூடு கட்டியுள்ளபடியால்” என்று தொடங்கி, அழகாகத்தான் வந்தது. வாசித்துக் காட்டினேன். அவன் கரையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான்.

“எண்ணே, கூழைக்கடாவ எடுத்துரு.”

“ஏம்ல?”

“பறவைக்குன்னா பைலை அந்த ஆபீஸுக்கு அனுப்பு, இந்த ஆபீஸுக்கு அனுப்புன்னு தள்ளி வச்சிருவாவ. பிசான நெல்லு கருகுதுன்னு எழுது. தண்ணி வந்தா அது குடிக்காமலா இருக்கும்?”

வேறு தாள் வாங்கிவரச் சொன்னேன்.